விதைநெல் காத்த பானை

மண்ணுக்கடியில் புதைந்துபோன ஒரு வீட்டில் விதைநெல் பானையும் அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

“மழை பெஞ்சதும் திரும்பி வந்து விதைப்போம்னு சொல்லிட்டுத்தானே போனாங்க, வருவாங்க” என்று பானை சொல்லிக்கொண்டே இருக்கும்.

அடுப்புக்கு நினைவில் நின்றது அந்தப் பஞ்சம்தான். கடைசி நாட்களில் அடுப்பில் தீயே மூட்டவில்லை. பிள்ளை பசியில் கத்தியபோதும், மண் பூசி அடைத்த பானையின் மூடியை வீட்டுக்காரி தொடவில்லை. விதைநெல்லில் கை வைக்கக் கூடாதாம். பிள்ளை செத்ததும் அடுப்புக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பிப் போனார்கள்.

ஒருநாள் மேலே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. யாரோ பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளி மூடியைத் திறந்தார்கள்.

“வந்துட்டாங்க! நான் ஒரு மணிகூடச் சிந்தலை!” என்று பானை பூரித்தது.

“சார், நெல்லு அப்படியே இருக்கு!” என்றாள் தோண்டிய பெண்.

“பத்திரமா எடும்மா. லேபுக்கு அனுப்பணும். எரிச்சுப் பார்த்தாத்தான் எந்தக் காலத்து நெல்லுன்னு தெரியும்.”

அடுப்பு கேட்டது.

“எரிக்கத்தானா? அதுக்கு அன்னைக்கே என்கிட்ட கொடுத்திருக்கலாமே.”