அழிக்காத தழும்பு

பிரெஞ்சு ஓவியன் ஒருவன் இளவயதில் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய பெண்ணின் முன்னால், டொரொண்டோ ஓவியக்கூடத்தில், வதனி நெடுநேரமாக நிற்கிறாள். கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் பனிக்கால வெளிச்சம் படத்துப் பெண்ணின் கன்னத்து அம்மைத் தழும்புகளிலும் இவளுடைய தழும்புகளிலும் ஒரேமாதிரிப் படிகிறது. ஊர் காட்டவென்று கூட்டிவந்த அண்ணன் குகநேசன் ஜாக்கெட் சிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருக்கிறார். கனடா மாப்பிள்ளைக்குக் காட்டிய வதனியின் புகைப்படத்தில், ஸ்டூடியோக்காரனிடம் சொல்லி அந்தத் தழும்புகளை அழிப்பித்தவர் அவர்தான். போன கிழமை விமான நிலையத்தில் மாப்பிள்ளை படத்தையும் இவளையும் மாறிமாறிப் பார்த்தான். பூங்கொத்தை அண்ணன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். "போவமே பிள்ளை, பஸ் போயிடும்" என்கிறார் குகநேசன். வதனி திரும்பவில்லை. "இந்தப் படம் கீறினவன் தழும்பை அழிக்கேல்லை, பாத்தியளே அண்ணை?" சிப் கழுத்துவரை ஏறிவிட்டது, அவர் கை இன்னும் இழுக்கிறது.