பால்பாண்டி வந்தால் பேசாத தெரு

பால்பாண்டியை அந்தத் தெருவே ஒதுக்கி வைத்துவிட்டது. அடிக்கவில்லை, வையவில்லை. பேச்சை நிறுத்திவிட்டது. பார்வையில்லாத மனுஷனுக்கு இதைவிட வேறென்ன கொடுமை செய்ய வேண்டும்?

யாரிடமோ சொல்லி அவர் எழுதவைத்த போஸ்ட் கார்டு மதுரைக்கு வந்ததும் செல்லக்கிளிக்குக் கொதித்தது. பௌதிகம் எம்.எஸ்ஸி. படிக்கிறவள். அவளும் அவளுடைய புரொபசரும் சேர்ந்து ஒரு பெட்டி செய்திருந்தார்கள். நெஞ்சில் தொங்கும், ஒயர் காதுக்குப் போகும். எதிரே சுவரோ வண்டியோ இருந்தால் காதில் கீச்சென்று கத்தும். சோதித்துப் பார்க்கத்தான் போன மாதம் பால்பாண்டிக்கு மாட்டிவிட்டுப் போனாள்.

இன்று போடி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால், மனுஷர் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக நிற்கிறார்.

"மிசினுல ஒரு குத்தமும் இல்ல தாயி. இதுவரைக்கும் எதுலயும் முட்டல. ஒனக்குக் கோயில் கட்டணும்."

"அப்புறம் என்ன?"

"இருபது வருசமா சிலமலையில இருந்து வந்து, இந்தத் தெரு வழியாத்தான் சாக்குத் தைக்கப் போறேன். 'அண்ணே, லோடு எறங்குது, நில்லுங்க'ம்பாக. 'அண்ணே, இன்னிக்கு என்ன கொழம்பு'ம்பாக. மிசினு வந்ததுல இருந்து ஒரு கொரல் இல்ல. நான் வந்தா டீக்கடை ரேடியோவக்கூட அமத்திர்றாக. நாளையில இருந்து வரல தாயி. ஊர்லயே கெடந்துக்கிறேன்."

"பொறாமை! வாங்க, நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் மறுசோலி."

"வேணாம் தாயி. நல்ல சனங்க. அவுக இல்லேன்னா இத்தனை வருசம் நான் ஏது, நடை ஏது?"

அவள் கேட்டால்தானே! பெட்டியை அவர் நெஞ்சிலேயே மாட்டி ஓடவிட்டு, அவரோடு நடந்தாள்.

ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி வாசலில் முப்பது பெண்கள் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே பேச்சும் சிரிப்பும். பால்பாண்டியின் தலை தெரிந்ததும் கப்சிப். எதிரே டீக்கடையில் ரேடியோ நின்றது. குரங்கணிக்குக் கிளம்பிய ஜீப்புக்காரன் இஞ்சினையே அணைத்துவிட்டான்.

கண்ணால் பார்த்த பிறகு சும்மா இருப்பாளா?

"உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? நீங்க வழி சொல்ற வரைக்கும்தான் அவர் அண்ணன், சொந்தமா நடந்தா ஆகாதவரா? உங்க தயவு தேவைப்படலேன்னதும் அவ்வளவு ரோசமா?"

முன்வரிசையில் இருந்த ராக்கு மட்டும் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள்.

"என்னையே வாயை மூடச் சொல்றீங்களா!"

ராக்கு முந்தானையில் கையைத் துடைத்தபடி எழுந்து வந்தாள். பெட்டியைக் காட்டி, அதை அணைக்கச் சொல்லிச் சைகை செய்தாள். செல்லக்கிளி எரிச்சலோடு சுவிட்சைத் தட்டினாள்.

"நின்னுருச்சா? நல்லாப் பாரு, நின்னுருச்சா?"

"நின்னாச்சு. சொல்லுங்க."

"ஏத்தா, மொத நாளு அண்ணன் கடைக்குள்ள டீ குடிக்கையில, எங்கள இங்கன நிறுத்தி நீதான சொன்ன? 'மிசினு பழகுற வரைக்கும் பக்கத்துல யாரும் சத்தம் போடாதீங்க, காதுல கேக்காமச் சாக்கடையில விழுந்துருவாரு'ன்னு? பழகிருச்சான்னு நாங்க யாரப் போய்க் கேக்குறது? வாயத் தெறந்தா அண்ணன் விழுந்துருவாரேன்னு ஒரு மாசமா முப்பது பொம்பளைக மூச்ச அடக்கிக்கிட்டுக் கெடக்கோம்!"



ராக்கு அவளை விட்டுவிட்டுப் பால்பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எம் மகளுக்கு மாப்ள அமைஞ்சிருச்சுண்ணே. பதினஞ்சு நாளா ஒங்ககிட்டச் சொல்ல முடியாம நெஞ்சு வெடிக்குது!"