மாரிஸ் மைனருக்கு ஒரு நல்ல இடம்

"மழைல நனைய உடக் கூடாது. ராத்திரில தனியா வெளில நிக்க உடக் கூடாது. இன்னா கோவம் வந்தாலும் கை ஓங்கக் கூடாது" என்றார் சம்பங்கி.

"எங்க வீட்ல யாரும் கை நீட்ற ஜாதி இல்லீங்க" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ராஜேந்திரன். அவர் மனைவி ஞானசுந்தரியும் மகள் ஷில்பாவும் பலமாகத் தலையாட்டினார்கள்.

பேச்செல்லாம் ஷெட்டில் நின்ற மாரிஸ் மைனர் காரைப் பற்றி. தங்கச் சுரங்கத்து துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறியபோது சம்பங்கியின் அப்பா வாங்கிய வண்டி. சம்பங்கிக்கு ராபர்ட்சன்பேட்டை பஜாரில் இரும்புக் கடை. கடைக் கல்லாவைக்கூட மகன் கௌதமை நம்பி விட்டுவிடுவார், வண்டி துடைக்கும் துணியை மட்டும் தர மாட்டார்.

அப்படிப்பட்டவர் அதை விற்கத் துணிந்ததற்கு ஓர் எருமைதான் காரணம். கண் பார்வை மங்கிப்போய், போன மாதம் பேத்தமங்களா ரோட்டில் அது நிற்பதே தெரியாமல் மோதிவிட்டார். எருமை பாட்டுக்கு எழுந்து போய்விட்டது. நசுங்கிய மட்கார்டைத் தடவித் தடவி அழுதவர், என் கையால் இதுக்கு இன்னொரு அடி விழக் கூடாது, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடுவோம் என்று முடிவெடுத்தார்.

முடிவெடுத்தாரே தவிர, வந்த ஒருத்தரையும் பிடிக்கவில்லை. ரிசார்ட் வாசலில் நிறுத்திப் பூந்தொட்டி வைக்கப்போகிறேன் என்றவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. டயரைக் காலால் உதைத்துப் பார்த்த இன்னொருவர் கேட் வரைக்கும் ஓட வேண்டியிருந்தது. கௌதமுக்கு வந்த வரன்களையும் இப்படித்தான், ஜாதகம் சரியில்லை, ஜன்னல் சரியில்லை என்று மனுஷன் தட்டிக் கழித்தார். அவர் மனைவி ராஜம் தலையில் அடித்துக்கொண்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

இன்று வந்த குடும்பம் பங்காருபேட்டை. தான் வேலைக்குப் போகிற பெங்களூர் ரயிலில் பழக்கமானவர்கள் என்றும், பழைய வண்டி என்றால் உயிரை விடுவார்கள் என்றும் சொல்லி அழைத்து வந்தது கௌதம்தான். ராஜேந்திரன் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அதைக் கேட்டதுமே சம்பங்கிக்குப் பாதி மனது இறங்கிவிட்டது.

அவர்கள் கொண்டுவந்திருந்த தட்டைப் பார்த்ததும் மீதியும் இறங்கியது. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மல்லிகைப்பூ. "வண்டி வாங்க வந்தவனெல்லாம் கைய வீசிகினு வந்தான். இவங்கதான் மொறை தெரிஞ்சவங்க" என்று ராஜத்தின் காதைக் கடித்தார். ராஜம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் தண்ணீர் தினமும் வருமா என்று ஞானசுந்தரி கேட்டார். வண்டி கழுவுவதைப் பற்றித்தான் எவ்வளவு அக்கறை என்று சம்பங்கி பூரித்துப்போனார். போர் தண்ணீரில் மட்டும் கழுவாதீர்கள், பெயிண்ட் உரிந்துவிடும் என்று நீளமாக விளக்கினார்.

சொந்த டம்ளரைக்கூடக் கழுவாத கௌதம், இஸ்திரி போட்ட சட்டையோடு காப்பி கொண்டுவந்தான். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, சர்க்கரை போடாத டம்ளரை ஷில்பாவிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

சம்பங்கி அவளைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடித்தால் என்ன செய்வாய்?

"மொதல்ல அதுக்கு இன்னா கஷ்டம்னு பாப்பேன் அங்கிள். திட்ட மாட்டேன்."

சாவியைக் கொடுத்து, ஊரிகம் வரைக்கும் ஒரு ரவுண்டு போய் வருவோம் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். அவள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உட்கார்ந்ததிலேயே அவர் குளிர்ந்துபோனார். ரயில்வே கேட்டுப் பக்கத்துப் பள்ளத்தில் வண்டியைப் பூப்போல இறக்கி ஏற்றினாள். கியர் ஒரு தடவைகூட முனகவில்லை. வயசான மனுஷன் என்றும் பார்க்காமல், திரும்பி வருகிற வழியெல்லாம் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டே வந்தார்.

இறங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இனிமேல் தங்கத்தில் தேர் செய்துகொண்டு யார் வந்தாலும் சரி, இந்தப் பெண்ணுக்குத்தான் என்று அறிவித்தார். வெறும் வாய்ப்பேச்சு அவருக்குப் போதவில்லை. உள்ளே இருந்து இன்னொரு தட்டை எடுத்துவரச் சொன்னார். கேட்பதற்காகவே காத்திருந்தவள் போல ராஜம் ஓடினாள்.

"தட்ட மாத்திக்குவோம். மாத்துனா மாத்துனதுதான், அப்பறம் யாரும் பேச்சு மாறக் கூடாது" என்றார் சம்பங்கி.

நாங்கள் மாற மாட்டோம், நீங்கள் மாறிவிட மாட்டீர்களே என்று ராஜேந்திரன் தயங்கித் தயங்கிக் கேட்டார். சம்பங்கிக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் கடைமேல் சத்தியம், என் அப்பாமேல் சத்தியம் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

கிழக்கே பார்த்து நின்று இரண்டு பேரும் தட்டை மாற்றிக்கொண்டார்கள். ராஜம் ஞானசுந்தரிக்குக் குங்குமம் வைத்தாள். கௌதம் ஏனோ அப்பாவின் காலில் விழுந்தான். வண்டி பிரிகிற துக்கம் பாவம் அவனுக்கும் இருக்கிறது என்று நினைத்து சம்பங்கி அவன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு, சாவியை ராஜேந்திரனிடம் நீட்டினார். ராஜேந்திரன் அதை வாங்காமல், அவர் விரல்களையே மடக்கி மூடினார்.

"சாவி இங்கியே இருக்கட்டும் சம்மந்தி, எங்க பொண்ணு வந்து ஓட்டிக்கும்."