கைக்கெட்டும் தூரம்

நாற்காலியைக் காட்டியதும் தங்கம்மாள் இரண்டு படி கீழே இறங்கி நின்றாள்.

இன்ஸ்பெக்டர் இராஜாங்கம் தானும் நாற்காலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் இன்னும் தள்ளிப்போய் வாசல் மண்ணில் குந்தினாள். அவர் எவ்வளவு இறங்கினாலும் அவளிடம் அதற்குக் கீழே ஓர் இடம் இருந்தது.

“சம்பந்தம் பேச வந்த மாதிரியில்ல உக்காந்திருக்கீங்க,” என்றான் கான்ஸ்டபிள் பக்கிரி.

உள்ளூர்க்காரன். இரண்டு அதட்டு அதட்டினால் முடிகிற வேலை என்பது அவன் எண்ணம். இராஜாங்கம் அவனைக் கடைத்தெருவுக்கு டீ வாங்க அனுப்பினார். நடந்தே போகச் சொன்னார்.

அவர் யோசித்துத்தான் வந்திருந்தார். ஸ்டேஷன் வேண்டாம். பண்ணை வீட்டுக்கு எதிரே இருக்கும் பஞ்சாயத்துக் கட்டடம் வேண்டவே வேண்டாம். பொங்கல் லீவில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறக்க வைத்தார். தொப்பியும் லத்தியும் ஜீப்பிலேயே இருந்தன. முந்தின நாளே களத்துக்குப் போய், வீரையன் எந்த மூலையில் விழுந்தான், யார் எங்கே நின்றிருக்க முடியும் என்று பார்த்து வைத்திருந்தார்.

வீரையன் தங்கம்மாளின் புருஷன். ஊரில் சங்கத்துக் கொடியை முதலில் நட்டவன். ஆட்சி மாறிவிட்டது, இனிக் கூலி கேட்டால் அடி விழாது என்று நம்பியவன். பட்டப்பகலில், நெற்களத்தில், எல்லோரும் பார்க்க அடித்துக் கொன்றார்கள். பார்த்தவர்கள் வரப்பேறி ஓடிவிட்டார்கள். ஓடாதவள் இவள் ஒருத்தி.

அடிக்கச் சொன்னவர் பண்ணையார் பஞ்சநதம். அவரோ அன்றைக்கு முழுக்கத் திருப்பனந்தாளில் ஒரு கல்யாணத்தில் இருந்ததாகச் சொன்னார். நான்கு பெரிய மனிதர்கள் அதற்குச் சாட்சி.

அந்த நால்வரையும் இராஜாங்கம் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டிருந்தார். பந்தியில் என்ன பாயசம் என்பது வரை ஒரே மாதிரி சொன்னார்கள். பண்ணையாரின் பட்டு வேட்டியைச் சொன்னார்கள். நெற்றிச் சந்தனத்தைச் சொன்னார்கள்.

இடது கண் மேல் போட்டிருந்த கட்டை ஒருவரும் சொல்லவில்லை.

கொலை நடந்த அன்று காலை கும்பகோணத்தில் ஒரு டாக்டர், பஞ்சநதத்தின் இமையில் இருந்த கட்டியைக் கீறி, பாதி முகம் மறையும்படி பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார். மறுநாள்தான் அவிழ்த்தார். சாட்சிகளுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தவருக்கே அது மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அவரைப் பார்த்த எவனும் முதலில் அந்தக் கட்டைத்தான் சொல்வான். சொல்லாதவன் பார்க்காதவன்.

கல்யாணக் கதை அதோடு போயிற்று. ஆனால் பண்ணையாரைக் களத்தில் கொண்டுவந்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். அந்தக் கட்டு தங்கம்மாள் வாயிலிருந்து வர வேண்டும்.

அவராக எடுத்துக்கொடுக்கக் கூடாது. கட்டு இருந்ததா என்று கேட்டால் ஆமாங்கய்யா என்பாள். காக்கிச் சட்டை எதைக் கேட்டாலும் இவள் தெருவில் அதுதான் பதில். கோர்ட்டில் அதைக் கிழிக்க வக்கீலுக்கு இரண்டு கேள்வி போதும்.

“அன்னைக்கு நடந்ததை உன் போக்குல சொல்லும்மா.”

சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. அழுதபோது தண்ணீர்ச் சொம்பைப் படி ஓரத்தில் நகர்த்தி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

யார் முதலில் தடி ஓங்கினான், யார் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான், எல்லாம் வந்தது. கொடி பிடித்த கையை முதலில் ஒடிக்கச் சொன்ன குரல் வந்தது. அந்தக் குரலுக்குரியவரின் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு அவள் கெஞ்சியது வந்தது. அவர் உதைத்துத் தள்ளியது வந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கட்டு வரவில்லை.

பண்ணையார் அன்றைக்கு எப்படி இருந்தார் என்று இராஜாங்கம் கேட்டார். வேட்டிக் கரையின் நிறத்தைச் சொன்னாள். செருப்பில் புதுசாகத் தைத்த வாரைச் சொன்னாள். முழங்காலுக்கு மேலே ஒன்றும் இல்லை.

முகம் எப்படி இருந்தது என்றார்.

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

“அவுங்க மொகத்த நாங்க எதுக்குங்கய்யா பாக்குறோம்?”

கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தப் பண்ணையில் வேலை பார்க்கிறவள்.

இராஜாங்கம் பேனாவை மூடினார். நால்வரைப் பொய்யர்கள் ஆக்கிய அதே கேள்வி இவளையும் பொய்க்காரி ஆக்கும். காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியவளுக்குப் பாதி முகம் மறைத்த கட்டு எப்படித் தெரியாமல் போனது என்று வக்கீல் கேட்பான். ஜட்ஜும் அதையேதான் கேட்பார்.

அவருக்கே சந்தேகம் வந்தது. இவள் அன்றைக்கு வீட்டில் இருந்தவளோ, சங்கத்து ஆட்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்களோ. போலீஸ் புத்தி.

மத்தியான வெயில் சாய்ந்து வந்து அவர் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது.

“நிமிராதம்மா, அப்படியே இருந்து சொல்லு. இவ்வளவு நேரமா எதிர்ல உக்காந்திருக்கேன். நான் எப்படி இருக்கேன்?”

அவள் மண்ணைப் பார்த்தபடியே யோசித்தாள். அய்யாவுக்குக் கோபம் வராத பதிலாகத் தேடினாள்.

“மீசையெல்லாம் வச்சுக்கிட்டு, பெரிய அதிகாரியாட்டம்தான் இருக்கீங்கய்யா.”

இராஜாங்கம் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். காலையில் மழித்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து தினமும் மழிக்கிறவர் அவர்.

பக்கிரி தூக்குச் சட்டியில் டீயோடு வந்து நின்று, ஏதாவது தேறிற்றா என்று கண்ணால் கேட்டான்.

“அவ அங்கதான் இருந்திருக்கா,” என்றார் இராஜாங்கம். “கேஸ் நிக்காது.”