பக்கத்து அறை

மகளின் நிச்சயதார்த்தத்துக்குள் நரை கறுத்துவிட வேண்டுமென்று தணிகாசலம் புதிதாக வந்த ஒரு மருந்தைக் குடித்தார். கறுப்பு நிறம் தரும் புரதத்தை முடிவேர்ச் செல்லுக்குள் எந்த அறையில் இறக்குவது என்று கைப்பேசியில் மருந்தின் செயலி கேட்டது. நிற அறையில் என்றார். அறை பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்டது. கூரியர் பையனிடம் சொல்லும் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "பக்கத்துல குடுத்துடுங்க தம்பி, நாங்க வாங்கிக்கிறோம்."

நிச்சயதார்த்தக் காலையில் தலை தும்பைப்பூவாக வெளுத்திருக்க, நெற்றி தோசைக்கல்லாகக் கறுத்திருந்தது. மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"வயசாச்சுல்ல சார், உங்க நிற அறையெல்லாம் பூட்டித்தான் கெடந்துச்சு," என்றாள் அங்கே பேசிய பெண். "பக்கத்து அறை, சரக்கைச் செல்லுக்கு வெளிய அனுப்புற அறை. அது நெத்தித் தோலுக்கு அனுப்பிடுச்சு."

"திரும்ப வாங்க முடியாதாம்மா?"

"பக்கத்து வீட்டுல குடுத்தது என்னைக்குத் திரும்பி வந்திருக்கு?" என்றபடி மனைவி பூங்கோதை அவர் நெற்றி முழுக்க விபூதியை அப்பினாள்.

மாப்பிள்ளையின் அப்பா வந்து இறங்கினார். அவருக்கும் வெள்ளை வெளேரென்ற தலை, நெற்றி கொள்ளாத விபூதி. வியர்வை வழிந்த ஓரத்தில் கறுப்பு எட்டிப் பார்த்தது.

தணிகாசலம் அவர் காதருகே குனிந்தார்.

"சம்பந்தி, நீங்களும் பக்கத்துலதான் குடுக்கச் சொன்னீங்களா?"