ஓட்டுப் போட ஏழு நிமிடம்

"டேய் அண்ணா, இந்த வீடியோவைப் போட உனக்கு வெட்கமா இல்ல?"

சோபாவின் இந்தக் கோடியிலிருந்து தங்கை கத்தினாள். அந்தக் கோடியில் இருந்த அண்ணன், பஸ் மெக்கானிக், போனிலிருந்து நிமிரவே இல்லை.

"எனக்கென்ன வெட்கம்? தேசிய கீதம் ஓடும்போது மேடையை விட்டு இறங்கிப் போனவளுக்குக் கிரீடமா?"

"வெட்டி ஒட்டின வீடியோடா அது! பின்னாடி இருக்கிற கடிகாரத்தைப் பாரு. எட்டு பத்துல இருந்து ஏழு அம்பதுக்குத் தாவுது. பேக்கரியில மாவு பிசையிற பொண்ணு, அப்பா அம்மா வேற நாட்டுல இருந்து வந்தவங்க. அதானே உங்க கூட்டத்துக்குப் பொறுக்கல?"

டிவியில் நகரப் பாட்டுப் போட்டியின் கடைசிச் சுற்று. ஜெயித்தால் அந்தப் பெண் இசைக் கல்லூரியில் இலவசமாகப் படிக்கலாம். தோற்றால் மறுபடியும் மாவுதான். பார்வையாளர்கள் போனில் ஓட்டுப் போட இன்னும் ஏழே நிமிடம்.

தங்கையின் கட்டைவிரல்கள் பறந்தன. வீடியோவுக்குக் கீழே 'உன் நாட்டுக்கே திரும்பிப் போ' என்று எழுதியவனைக் கிழித்துத் தொங்கவிட்டாள். அவனுக்கு வக்காலத்து வாங்கியவனுக்கு இரண்டு பங்கு கிடைத்தது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்களேன். அந்தப் பொண்ணு பாடுறது காதுலயே விழல," என்றாள் அம்மா.

"இது பாட்டுப் பிரச்சினை இல்லம்மா, நியாயப் பிரச்சினை! ஐயோ, இன்னொருத்தன் வந்துட்டான்!"

மூன்று நிமிடம். ஒரு நிமிடம். மணி அடித்தது.

பேக்கரிப் பெண் நாலு ஓட்டில் தோற்றுப்போனாள். சிரிக்கப் பார்த்து, முடியாமல், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

தங்கை துள்ளி எழுந்தாள். "சந்தோஷமா? நாலே நாலு ஓட்டு! உங்க பொய் ஜெயிச்சிடுச்சு!"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆளுக்குப் பத்து ஓட்டு. என் பத்தையும் அவளுக்குத்தான் போட்டேன்."

"என்னது?"

"வீடியோ எங்க குரூப்புக்காகப் போட்டது. அப்புறம் அவ பாடினதைக் கேட்டேன். மனசு கேக்கல."

"அப்ப அதை ஏண்டா அழிக்கல? ஊரெல்லாம் விஷத்தைத் தெளிச்சிட்டு, ரகசியமா ஓட்டுப் போட்டா ஆச்சா?"

"தப்புதான்." அவன் தலை இன்னும் தாழ்ந்தது. "நீ எத்தனை போட்ட?"

"நானா? பத்தும்..."

வேகமாகப் போனைத் திறந்தாள்.

'நேரம் முடிந்தது. நீங்கள் போடாத ஓட்டுகள்: பத்து.'