தெரிந்த படங்கள்

டாக்டர் படங்களைக் காட்டக் காட்ட, கட்டிலில் சாய்ந்திருந்தவர் பட் பட்டென்று பதில் சொன்னார்.

“இது?”

“குடை.”

“இது?”

“கத்தரிக்கோல். நாளைக்கு இதை வெச்சுதான் வெட்டப் போறீங்களா டாக்டர்? துருப்பிடிச்சிருக்கே!”

டாக்டர் சிரித்தபடி கடைசியாக, வீட்டிலிருந்து கொண்டுவந்த புகைப்படத்தை நீட்டினார்.

“என் பொண்டாட்டி.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பிரமாதம்! நாளைக்கு ஆபரேஷன் நடுவுல இவர் முழிச்சிருப்பார். இதே படங்களைக் காட்டிப் பேசவெச்சுக்கிட்டே மூளைக் கட்டியை எடுப்போம். தெரிஞ்ச படத்துக்குத் தடுமாறினா, தொடக்கூடாத இடத்தைத் தொட்டுட்டோம்னு அர்த்தம். அங்கேயே நிறுத்திடுவோம்.”

“முன்னாடியே தெரியாத படமா இருந்தா?”

“அப்படின்னா ஆபத்தும்மா. எடுக்க வேண்டிய கட்டியையும் பயந்துபோய் விட்டுடுவோம். அதனாலதான் தெரியாததை இன்னைக்கே கழிச்சுடறோம்.”

அவள் முகம் பேயறைந்தது போலானது. சட்டென்று அந்தப் புகைப்படத்தை உருவிக்கொண்டாள்.

“இது வேண்டாம் டாக்டர். தப்பா சொன்னா ஆபரேஷன் பண்ண மாட்டீங்களோன்னு, காலையிலேர்ந்து நான்தான் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ண வெச்சேன்.”

“என்னம்மா இது? உங்க போட்டோவையா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கட்டிலில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

“சிஸ்டரைத் திட்டாதீங்க டாக்டர்! பாவம், என் பொண்டாட்டி வர்ற வரைக்கும் என்னைப் பார்த்துக்கறது இவங்கதான்” என்றார்.